பார்த்ததைத் தைப்பது: ஒரு நடை, ஒரு காட்சி, ஒரு சிறு குவில்ட்

என் போனில் நடைப்பயிற்சியின்போது எடுத்த படங்கள் ஒரு காலத்தில் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டன. மேகம், சேற்றுத் தடம், இலை நரம்பு, மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்த குருவிகள். அவற்றில் ஒன்றுகூடக் குவில்ட் ஆகவில்லை. ‘ஒருநாள் உட்கார்ந்து பெரிதாக ஒன்று தைக்க வேண்டும்’ என்று நினைத்துக்கொண்டே இருந்தால் அந்த ஒருநாள் வராது. பிறகு வழியை மாற்றினேன்: ஒரு காட்சி, எழுதும் தாள் அளவுத் துணி, பத்து நாள் கெடு. அதற்குள் முடியாவிட்டால் முடிந்த அளவோடு தையல் நண்பர்களிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுவது. அந்தப் பத்து நாளில் என்னென்ன செய்வேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதியவர்களுக்கு ஒரு வரி. மேலே ஒரு துணி, நடுவில் மெல்லிய பஞ்சு அடுக்கு, அடியில் ஒரு துணி, மூன்றையும் ஊடுருவிப் பிடிக்கும் தையல். இதுதான் குவில்ட். போர்த்திக்கொள்ளவும் செய்யலாம், சுவரில் மாட்டவும் செய்யலாம். நாம் செய்யப்போவது சுவருக்கானது. அதனால் துவைத்தால் தாங்குமா என்ற கவலையைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். அது பெரிய சுதந்திரம்.

படி 1: நடைக்குப் போய் ஒன்றை மட்டும் கொண்டு வாருங்கள்

நடையில் இருபது விஷயங்கள் கண்ணில் படும். எதைத் தைப்பது? நான் வைத்திருக்கும் சோதனை எளிது: எதைப் பார்த்துக் கால் நின்றதோ அது. ‘அழகாக இருக்கிறதே’ என்று நினைத்தபடியே கடந்துபோன எதுவும் கணக்கில் வராது.

நின்ற இடத்தில் முதல் இரண்டு நிமிடம் போனை வெளியே எடுக்காதீர்கள். வெளுத்த வானத்தையும் இருண்ட மரத்தடியையும் ஒரே படத்தில் பிடிக்கக் கேமரா திணறும். கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும். படத்தை மட்டும் நம்பித் தைத்தால் மரத்தடி வெறும் கறுப்பாகிவிடும்; அங்கே கரும்பச்சையும் ஊதாவும் இருந்தது மறந்தே போகும். பார்த்து முடித்த பிறகு வேண்டுமானால் ஒரு படம் எடுங்கள், கால் எத்தனை விரல், இலை விளிம்பு எப்படி வளைந்தது என்ற விவரத்துக்காக மட்டும்.

கையடக்க நோட்டில் நான்கு விஷயங்கள் எழுதுகிறேன். மணியும் வெளிச்சமும். இருப்பதிலேயே பெரிய வடிவம் எது. மூன்று நிறங்கள், எது அதிகம் எது குறைவு என்ற வரிசையில். கடைசியாக, எது அசைந்தது. நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தையல் கோடுகள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதைப் பின்னால் அதுதான் சொல்லும். பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கிறுக்கல். படம் வரையத் தெரியாது என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். தீப்பெட்டிக்குள் யாராலும் நன்றாக வரைய முடியாது, அதனால் வெட்கமும் இல்லை.

நிறத்தைச் சொல்லால் எழுதினால் வீட்டுக்கு வரும்போது பொருள் மாறிவிடும். ‘சாம்பல் நீலம்’ என்று எழுதியதை வைத்து அலமாரியில் ஆறு துணி எடுக்கலாம். இதற்கு ஒரு துணி வளையம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு துணியிலும் விரல் அகலத் துண்டு ஒன்று வெட்டி, எண் எழுதி, சாவி வளையத்தில் கோத்துவிட வேண்டும். குளக்கரையில் நின்று வளையத்தைத் தண்ணீருக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, எது பொருந்துகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்வதுதான் வேலை. பார்க்கிறவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள். பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. கூட்டுக்கு அருகில் போகாதீர்கள், பூவைப் பறிக்காதீர்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். உதிர்ந்து கிடக்கும் இறகும் சில நாடுகளில் சட்டச் சிக்கல். அமெரிக்காவில் 1918-ம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டப்படி, அங்குள்ள பெரும்பாலான காட்டுப் பறவைகளின் இறகை அனுமதியின்றி வைத்திருக்கவே கூடாது. இறகைக் குவில்ட்டில் வைத்துத் தைக்கும் ஆசை இருந்தால் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். காய்ந்து உதிர்ந்த இலைக்கு அநேகமாகப் பிரச்சினை இல்லை, ஆனால் பாதுகாக்கப்பட்ட காடுகளில் அதையும் எடுக்க விடமாட்டார்கள்.

படி 2: பயணப் பை

பேருந்து, ரயில், மருத்துவமனை வரிசை என்று காத்திருக்கும் நேரம் எல்லோருக்கும் உண்டு. அந்த நேரத்தில் குவில்ட்டின் எல்லா வேலையும் ஆகாது. வெட்டும் வேலை, இஸ்திரி வேலை, நிறம் தேர்ந்தெடுக்கும் வேலை மூன்றும் வீட்டில்தான். வெளியே கொண்டுபோக ஏற்றது காகித அச்சு வைத்துத் தைக்கும் அறுகோணங்கள்: கெட்டித் தாளில் வெட்டிய அறுகோணத்தின் மேல் துணியை மடித்து நூலோட்டி, பிறகு ஒன்றோடு ஒன்றை விளிம்பில் பொடித் தையலாகச் சேர்ப்பது. ஓர் அங்குல அறுகோணம் என்றால் பக்கத்தின் நீளம் ஓர் அங்குலம், குறுக்களவு அல்ல. வாங்கும்போது பலர் ஏமாறுவது இங்கேதான்.

மூடி இறுகும் சிறு டப்பாவில் ஊசி நான்கு, நூல் இரண்டு, விரலுறை, சின்னக் கத்தரிக்கோல், ஒரு காந்தம். ஊசியைக் கோத்து எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது மறுபடி எண்ணுங்கள். ஒருமுறை ரயில் இருக்கையில் ஊசியைத் தவறவிட்டு, அடுத்து உட்கார வந்தவரை நிறுத்தி வைத்து, காந்தத்தால் இருக்கை முழுக்கத் தடவினேன். கிடைத்தது. அன்றிலிருந்து எண்ணுகிறேன்.

விமானம் என்றால் உருளும் கத்தி, அதான் ரோட்டரி கட்டர், கைப்பையில் வராது. பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட வேண்டும். கத்தரிக்கோல் விதி நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் திருகாணியிலிருந்து நுனிவரை 4 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் விடுகிறார்கள். எதற்கும், பறிபோனால் வருத்தப்படாத கத்தரிக்கோலையே எடுத்துச் செல்லுங்கள்.

படி 3: தைக்கும் முன் வாயால் சொல்லுங்கள்

இந்தப் படியை வேறு தையல் குறிப்புகளில் நான் பார்த்ததில்லை. எனக்கு இது வந்தது ஹாரியட் பவர்ஸ் என்ற பெண்மணியிடமிருந்து. 1837-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். அவர் தைத்த இரண்டு குவில்ட்கள் இன்று எஞ்சியிருக்கின்றன, ஒன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், இன்னொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். பாஸ்டனில் இருப்பதில் 15 கட்டங்கள். பெரும்பாலும் விவிலியக் காட்சிகள்தான், ஆனால் நடுவே வானம் செய்த வேலைகளும் இருக்கின்றன. 1833 நவம்பரில் பொழிந்த மாபெரும் எரிநட்சத்திர மழை ஒரு கட்டம். 1780 மே 19 அன்று பகலிலேயே இருண்டுபோன நாள் இன்னொரு கட்டம்.

ஆண்டுகளைக் கவனியுங்கள். அவர் பிறந்தது 1837. அந்த நட்சத்திர மழையை அவர் பார்த்திருக்க வழியே இல்லை. பார்த்தவர்கள் சொன்னது வாய்வழியாக வந்து, அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, துணியில் விழுந்திருக்கிறது. பேசிப் பேசி மிச்சமாக நின்றது எதுவோ அது மட்டும்: வானத்தில் நட்சத்திரங்கள், கீழே மனிதர்கள்.

அதனால் இப்போதெல்லாம் தையல் கூடலுக்குப் போனால் படத்தைக் காட்டும் முன் கதையைச் சொல்கிறேன். ‘குளத்தில் பனி மூடியிருந்தது. ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. நான் செருப்பைச் சரிசெய்யக் குனிந்து நிமிர்வதற்குள் பறந்துவிட்டது. தண்ணீரில் வட்டம் மட்டும் விரிந்துகொண்டே போனது.’ உடனே ஒருவர் கேட்டார், வட்டம் கரையைத் தொட்டதா என்று. கொக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எதைப் பற்றிக் கேள்வி வருகிறதோ அதில்தான் குவில்ட் இருக்கிறது. நான் தைக்க நினைத்திருந்தது கொக்கை.

கூடல் இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது தொலைபேசியில். படம் அனுப்பக் கூடாது என்பது மட்டும் விதி.

படி 4: வரைபடம், பிறகு வெளிச்சம்–இருட்டு

அளவு 21-க்கு 30 செ.மீ. வைத்துக்கொள்ளலாம். தீப்பெட்டிக் கிறுக்கலைத் தாளில் பெரிதாக வரையுங்கள். ஐந்து அல்லது ஆறு வடிவங்களுக்கு மேல் போனால் அழியுங்கள். கொக்குக் குளத்தில் எனக்கு நான்குதான் இருந்தன: பனி, எதிர்க்கரை, தண்ணீர், வட்டங்கள்.

ஒவ்வொரு வடிவத்திலும் நிறத்துக்குப் பதில் எண் போடுங்கள். 1 மிக வெளிச்சம், 5 மிக இருட்டு. நிறம் தவறினாலும் காட்சி புரியும். வெளிச்சம் இருட்டு தவறினால் புரியாது. துணிகளை அடுக்கிவிட்டுப் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் பளிச்சென்று இருப்பதாக நினைத்திருப்பீர்கள், படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டிருக்கும்.

படி 5: துணி

தூரத்தில் இருப்பது வெளுத்தும் சற்று நீலம் கலந்தும் தெரியும், இடையில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பதால். துணியில் இதற்குச் சுலபமான வழி, அச்சுத் துணியைத் திருப்பிப் போடுவது. பின்பக்கம் அதே வடிவம் மங்கலாக இருக்கும். முன்பக்கம் பக்கத்து மரம், பின்பக்கம் தூரத்து மரம், இரண்டும் ஒரே துணி. பனிக்கு வெள்ளை வலைத்துணியை, டூல் என்பார்களே அதை, மேலே ஒன்றிரண்டு அடுக்குப் போடுங்கள். நிழலுக்குக் கறுப்பு வலைத்துணி. அது கறுப்பாகத் தெரியாது, கீழே இருக்கும் நிறத்தை ஒரு படி இறக்கிவிடும். வலைத்துணி நைலான் என்றால் இஸ்திரிப் பெட்டி பட்டவுடன் உருகும், மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத் தேய்க்க வேண்டும்.

மீன்கொத்தியைத் தைக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அதன் முதுகின் நீலம் நீல நிறமியால் வருவதல்ல. இறகின் நுண்ணிய கட்டமைப்பு நீல ஒளியை மட்டும் திருப்பி அனுப்புவதால் வருவது. எவ்வளவு நல்ல நீலப் பருத்தியை வைத்தாலும் செத்துப்போன மாதிரி இருப்பதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மூன்று நான்கு நீலங்களைச் சன்னமான கீற்றுகளாக வெட்டி, நடுவில் ஒரே ஒரு பட்டு அல்லது சாட்டின் கீற்றை வைத்தால் பறவை உயிர் பெறும். சாட்டின் இரண்டு கீற்று ஆனால் பொம்மை.

கண்ட இலையையே துணியில் பதிக்க விரும்பினால் நீலப்பதிவு முறை இருக்கிறது, சயனோடைப். ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்டறிந்தது; மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் அதே முறையில் கடற்பாசிகளைப் பதித்துத் தொகுக்கத் தொடங்கினார். இரும்பு உப்புக் கரைசல் பூசி உலர்த்திய பருத்தித் துணியில் இலையை வைத்து வெயிலில் காட்டிக் கழுவினால் இலை வெள்ளையாகவும் சுற்றியுள்ள இடம் நீலமாகவும் நிற்கும். கைகளுக்கு உறை போட்டுச் செய்யுங்கள். பிறகு அந்தத் துணியைச் சாதாரணச் சலவைத் தூளில் போட்டுவிடக் கூடாது, காரம் பட்டால் நீலம் மஞ்சளாக வெளுத்துவிடும்.

படி 6: ஒட்டி அடுக்குவது

தாள் ஒட்டிய ஃப்யூஸிங்கை, அதாவது சூடு பட்டால் துணியில் ஒட்டிக்கொள்ளும் பசை அடுக்கை, வடிவத்தின் மேல் வைத்து வரைந்து, துணியின் பின்பக்கம் இஸ்திரியால் ஒட்டி, கோட்டில் வெட்டி, தாளை உரித்து, அடித்தளத் துணியில் வைத்துத் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு பொறி: வரைந்தது கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாறித்தான் வரும். வரைபடத்தைச் சன்னல் கண்ணாடியில் பின்பக்கமாக வைத்து, அதிலிருந்து ஃப்யூஸிங்கில் எடுங்கள். என் முதல் மலைத்தொடர் முழுக்கத் திரும்பி நின்றது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, எனக்கு மட்டும் இன்றும் தெரிகிறது.

பின்னால் இருப்பதை முதலில், முன்னால் இருப்பதைக் கடைசியில் வையுங்கள். ஒவ்வொரு வடிவமும் பக்கத்து வடிவத்துக்குக் கீழே அரை செ.மீ. நுழைந்திருக்கட்டும், இல்லாவிட்டால் இடையில் அடித்துணி கீறலாகத் தெரியும்.

படி 7: மூன்று அடுக்கும் தையலும்

பஞ்சு அடுக்கும் அடித்துணியும் மேல் துணியைவிட எல்லாப் பக்கமும் 3 செ.மீ. பெரிதாக இருக்க வேண்டும். தைக்கத் தைக்கத் துணி சுருங்கி உள்ளே வரும். மேல் துணியையும் முடிவு அளவைவிட 2 செ.மீ. கூடுதலாகவே விட்டு, கடைசியில் வெட்டிச் சரிசெய்யலாம். அடித்துணியை மேசையில் சுருக்கமில்லாமல் நாடாவால் ஒட்டி, மேலே மற்ற இரண்டையும் பரப்பி, நான்கு விரல் இடைவெளிக்கு ஓர் ஊக்குக் குத்துங்கள். நடுவிலிருந்து வெளியே.

இனி இந்த வேலையின் சுவையான பகுதி. தையல் கோடு என்பது துணிகளைப் பிடித்து வைப்பதற்கு மட்டும் என்றால் எங்கே வேண்டுமானாலும் போடலாம். ஆனால் கோடு போன இடம் பள்ளமாகும், விட்ட இடம் மேடாகும். வெளிச்சம் அந்த மேட்டில் விழும். நெருக்கமாகத் தைத்த இடம் பின்னால் போகும். தைக்காமல் விட்ட இடம் முன்னால் வரும். நோட்டில் எழுதிய நான்காவது விஷயத்தை இப்போது எடுங்கள். எது அசைந்தது? நாணல் அசைந்தால் கோடு நாணலின் திசையில் சாயட்டும். காற்றே இல்லாத காலை என்றால் கிடைக்கோடு. என் குளத்தில் வட்டங்கள்தான் அசைந்தன. அவற்றைத் துணியாக வெட்டாமல் முழுவதும் தையலாகவே செய்தேன். நடுவில் நெருக்கமாகத் தொடங்கி, வெளியே போகப் போக இடைவெளி விட்டு, கடைசி வட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். கரையைத் தொட்டதா என்று கேட்டாரே, அவருக்கான பதில் அது.

கையால் தைப்பதானால் குட்டையான குவில்ட் ஊசி எடுங்கள், எண் கூடக் கூட ஊசி சிறிதாகும். 9 அல்லது 10 ஆரம்பத்துக்குச் சரி. அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணிக் கவலைப்பட வேண்டாம். ஆறோ பத்தோ, எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் கண் அமைதியாகும். முடிச்சு வெளியே தெரியாமல், நூலைச் சுண்டி இழுத்துப் பஞ்சுக்குள் புதைத்துவிடுங்கள்.

மெஷினில் என்றால் துணியைத் தள்ளும் பல்லைத் தாழ்த்தி, ஒட்டுப்போடும் பாதம், டார்னிங் ஃபுட் என்பார்களே அதை மாட்டி, துணியை உங்கள் கையால் நகர்த்த வேண்டும். கை வேகமும் மோட்டார் வேகமும் ஒத்துப்போக நாளாகும். பயந்து கையை மெதுவாக நகர்த்தினால் தையல் குவியும், அவசரப்பட்டால் நீளும். தினமும் பழைய துணியில் பத்து நிமிடம் உங்கள் பெயரை எழுதிப் பழகுங்கள். கையெழுத்து ஏற்கெனவே கைக்குத் தெரிந்த கோடு என்பதால் சீக்கிரம் பிடிபடும்.

படி 8: விளிம்பு

போர்வைக்குச் சுற்றிலும் பட்டை வைப்பார்கள். காட்சிக்குப் பட்டை வைத்தால் சன்னல் சட்டத்துக்குள் பார்ப்பதுபோல் அடைபட்டுவிடும். நான்கு பக்கமும் 5 செ.மீ. அகலத் துணிப்பட்டையை முன்பக்கத்தில் வைத்துத் தைத்து, முழுவதையும் பின்னால் திருப்பிக் கண்ணுக்குத் தெரியாத கைத்தையலால் பிடித்துவிடுங்கள். மூலைகளில் மிச்சத் துணியைத் திருப்பும் முன் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உருண்டை கட்டும்.

மாட்டுவதற்கு: 8 செ.மீ. சதுரத் துணி இரண்டை மூலைவாட்டில் மடித்து முக்கோணமாக்கி, பட்டையைத் திருப்பும்போதே பின்னால் மேல் மூலைகளில் சேர்த்துத் தைத்துவிட்டால் பை மாதிரி இருக்கும். ஒரு மெல்லிய குச்சியை இரண்டு பைக்கும் இடையே செருகினால் போதும். பெரிய கண்காட்சிகளுக்கு அனுப்பும் குவில்ட்களுக்கு மேலே 4 அங்குலக் குழாய்ப் பட்டை கேட்பது வழக்கம்.

படி 9: கூடலுக்குக் கொண்டுபோவது

முடியாததைக் கொண்டுபோகக் கூச்சமாக இருக்கும். முடிந்ததைக் காட்டினால் ‘நன்றாக இருக்கிறது’ என்பார்கள், அதோடு சரி. ஊக்கு குத்திய நிலையில் காட்டினால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், அதில் ஒன்றாவது உதவும். ஆனால் ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘எதிர்க்கரை தூரத்தில் தெரிகிறதா, பக்கத்தில் தெரிகிறதா?’ என்று ஒற்றைக் கேள்வியாகக் கேளுங்கள். பதில் தெளிவாக வரும். சுவரில் குத்தி ஆறடி தள்ளி நின்று பாருங்கள். மேசையில் கிடக்கும் குவில்ட்டைப் பார்த்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

அடுத்தவர் வேலையைத் தொடும் முன் கேளுங்கள். கையின் எண்ணெய் துணியில் தங்கும். படம் எடுக்கும் முன்பும் கேளுங்கள். உங்கள் குவில்ட் வேறொருவர் எடுத்த பறவைப் படத்தைப் பார்த்துச் செய்தது என்றால் படம் எடுத்தவரின் அனுமதி இல்லாமல் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டாம். சொந்தக் காலால் நடந்து பார்த்ததைத் தைப்பதில் இந்தத் தலைவலி இல்லை.

கூடலில் பரிமாறிக்கொள்ளச் சிறியவை செய்து வையுங்கள். 4-க்கு 6 அங்குலத் துணி அஞ்சலட்டை, அல்லது சட்டைப்பையில் அடங்கும் 2.5-க்கு 3.5 அங்குல அட்டை. பெரிய குவில்ட்டில் வெட்டி விழுந்த மிச்சத்திலேயே இரண்டு மூன்று தேறும்.

பெரிய கண்காட்சிகளுக்கும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். ஓஹையோவின் ஏதென்ஸில் பழைய பால்பண்ணைக் கொட்டகை ஒன்றில் 1979-ல் தொடங்கிய குவில்ட் நேஷனல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது, கலைக் குவில்ட்டுக்கு மட்டுமே ஆனது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆகஸ்ட் தொடக்கத்தையொட்டி நடக்கும் குவில்ட் திருவிழா எல்லா வகைக்கும் இடம் தரும். 1989-ல் தொடங்கிய ஸ்டுடியோ ஆர்ட் குவில்ட் அசோசியேட்ஸ் என்ற அமைப்பும் பல நாடுகளில் கண்காட்சி நடத்துகிறது. போனால் முதல் சுற்றில் எதையும் படம் எடுக்காமல் நடங்கள். கால் நிற்கும் இடத்தில் நில்லுங்கள். படி 1-ல் சொன்ன அதே சோதனைதான்.

வீட்டில் வைக்கும்போது மடிக்காமல், வேலைப்பாடு வெளியே தெரியும்படி சுருட்டி, பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். நேர் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், நீலமும் சிவப்பும் வெளுத்துப்போகும்.

கடைசி வேலை பின்பக்கச் சீட்டு. சின்ன வெள்ளைத் துணியில் அழியாத மையால் பெயர், ஆண்டு, பார்த்த நேரம் எழுதி நான்கு ஓரமும் தைத்துவிட வேண்டும். தலைப்பும் அதிலேயே. என் குளத்தின் பின்னால் இருக்கும் சீட்டில் ‘காலை 6.40. பனி. கொக்கு போய்விட்டது’ என்று எழுதியிருக்கிறேன்.